குடும்பச் சூழ்நிலை காரணமாக

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் அத்தா எழுதுகிறேன்.

இதுவரை நாலு தாள் வீணாகிவிட்டது. பேனாவை எடுத்தால் கை தானாக ‘அனுப்புநர்’ என்று எழுதுகிறது, அப்புறம் ‘பெறுநர்’, அப்புறம் ‘பொருள்’. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூட ஆபீஸில் எழுத்தராக இருந்தவனின் கை. நான் ரிட்டயர் ஆன தகவல் அதற்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. ‘பொருள்’ என்று எழுதிவிட்டு, அதற்கு மேல் என்ன எழுதுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா எட்டிப் பார்த்து, “மகனுக்கு லெட்டர் எழுதுறீகளா, மாவட்ட ஆபீசுக்கு மனுப் போடுறீகளா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் சொன்னதும் சரிதான் என்று கிழித்துப் போட்டுவிட்டு இதை ஆரம்பிக்கிறேன். நம் தெரு ஜமால் லீவு முடிந்து வியாழக்கிழமை கிளம்புகிறான். அம்மா இடித்த மல்லிப்பொடி, சேவுப் பொட்டலம், உன் தங்கச்சியின் கல்யாணப் பத்திரிகை, இந்தக் கடிதம், எல்லாம் ஒரே பையில் வரும். பொடி கொட்டியிருந்தால் தாளைத் தட்டிவிட்டுப் படி.

போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நாம் என்ன பேசுகிறோம், சொல் பார்ப்போம். “சாப்டீங்களா அத்தா?” “சாப்ட்டேன்.” “மாத்திர போட்டீங்களா?” “போட்டேன்.” “அம்மாட்ட குடுங்க.” இதுதான் நம் பேச்சு. பத்து வருடத்துக்கு மேலாக இதையே பேசுகிறோம். உன் குரலைக் கேட்டதே போதும் என்று நானும் போனை அவள் கையில் கொடுத்துவிடுவேன். அப்புறம் நீ அவளிடம் சிரித்துப் பேசுவது அடுப்படியிலிருந்து கேட்கும். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் நமக்கும் கிடைக்காதா என்று கதவுப் பக்கமாக நிற்பேன். போன வாரம் கல்யாணத் தேதியைச் சொன்னபோது, “லீவு கெடைக்குமான்னு தெரியல அத்தா, பாப்போம்” என்றாய். உன் ‘பாப்போம்’ எனக்குத் தெரியும். போன இரண்டு பெருநாளுக்கும் அதையேதான் சொன்னாய்.

உனக்கு இந்த வீட்டுக்கு வரப் பிடிக்காமல் இல்லை, என் முன்னால் உட்காரப் பிடிக்கவில்லை. காரணமும் எனக்குத் தெரியும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ பதினொன்றாம் வகுப்புப் படிக்கும்போது, அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின நாள், உன்னைப் பள்ளிக்கூடத்தைவிட்டு அனுப்பினார்களே, அதைப் பற்றி. அனுப்பினார்கள் என்று எழுதுகிறேன், பார். இந்தக் கை அதையும் ஆபீஸ் மொழியில்தான் எழுதுகிறது. அனுப்பியது நான்.

உனக்குத் தெரியாத ஒரு சங்கதியை முதலில் சொல்கிறேன். என் சர்வீஸில் எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பிள்ளையைக்கூட ‘நீக்கியதாக’ எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. எடுத்துப் பார்த்தால் அப்படி ஒரு சுத்தமான பள்ளிக்கூடம் அருப்புக்கோட்டையிலேயே இருக்காது. ஆனால் வருடத்துக்கு நாலைந்து பிள்ளைகள் பாதியில் போனார்கள். எப்படிப் போனார்கள் என்றால், அவர்களின் தகப்பனோ தாயோ கைப்பட ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பார்கள். ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகனை வேறு பள்ளியில் சேர்க்க இருப்பதால் மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ இந்த வாக்கியத்தை நான்தான் அவர்களுக்குச் சொல்லி எழுத வைப்பேன். வெள்ளைத் தாள் என் மேஜையில் தயாராக இருக்கும். ‘பணிவுடன்’ என்பதை விட்டுவிட்டால் அதையும் இடையில் சேர்க்கச் சொல்வேன். வேலையில் சுத்தமான ஆள் என்று எனக்குப் பெயர்.

விதி என்று ஒன்று இருந்தது. அது எங்கள் ஆபீஸிலேயே, என் பின்னால் இருந்த அலமாரியில், நான் நம்பர் போட்டு வைத்த ஃபைலில்தான் இருந்தது. பிள்ளை என்ன தப்புச் செய்தான் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். பிள்ளையும் பெற்றோரும் தங்கள் பக்கத்தைச் சொல்ல நாள் கொடுக்க வேண்டும். சொன்னதைக் கேட்ட பிறகுதான் முடிவு எடுக்க வேண்டும். முடிவு ஒப்பவில்லை என்றால் மேலே முறையிட வழி சொல்ல வேண்டும். இவ்வளவும் செய்தால் ஃபைல் திறக்க வேண்டும், ஃபைல் திறந்தால் கேள்வி வரும். பெற்றோரே கேட்டதாக ஒரு கடிதம் இருந்துவிட்டால் கேள்வியே கிடையாது. பதிலுக்கு, நடத்தை என்ற இடத்தில் ‘நன்று’ என்று போட்டுக் கொடுப்போம். இரண்டு பக்கமும் சந்தோஷம் என்று தலைமை ஆசிரியர் சொல்வார். பிள்ளையின் பக்கம் என்று மூன்றாவது ஒன்று இருப்பது அந்த ரூமில் யாருக்கும் நினைவு வராது.

ஒரே ஒரு தடவை ஒரு பெண் கேட்டாள். நரிக்குடிப் பக்கம் ஒரு கிராமம், ஆடு மேய்க்கிற குடும்பம். அவள் மகன் விடுதியில் இன்னொரு பையனை அடித்துவிட்டான் என்று கூப்பிட்டுவிட்டிருந்தார்கள். எழுதத் தெரியாது என்றாள், நானே எழுதினேன். மை டப்பாவை அவள் பக்கம் தள்ளியபோது, “எம்புள்ள என்ன செஞ்சான்னு எழுதியிருக்கீக சார்?” என்று கேட்டாள். “அதெல்லாம் ஒண்ணும் எழுதலம்மா. நீங்களே கூட்டிட்டுப் போறதாத்தான் எழுதிருக்கு” என்றேன், பெரிய உபகாரம் செய்தவன் மாதிரி. அவள் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “நான் எங்க சார் கூட்டிட்டுப் போறேன்? நீங்கல்ல அனுப்புறீக” என்றாள். எனக்கு அவள் மேல் எரிச்சல் வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது, கையை வையுங்கள் என்றேன். வைத்தாள். அந்தப் பையன் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனிடம் நானும் ஒன்றும் கேட்கவில்லை.

இனி உன் நாளுக்கு வருகிறேன். எனக்கு ஒவ்வொரு மணி நேரமும் நினைவிருக்கிறது, உனக்கும் இருக்கும். காலையில் எப்போதும் போல் திருச்சுழியில் ஒரே பஸ்ஸில் ஏறினோம். இடதுபக்கம் இரண்டு பேர் உட்காரும் சீட்டு, ஜன்னலோரம் நீ. கணக்கு நோட்டை மடியில் விரித்து வைத்திருந்தாய். பருத்திக்காடு பச்சையாக இருந்தது, அந்த வருடம் மழை கொஞ்சம் தாராளம். பள்ளிக்கூடத்தில் நீ பிரேயருக்குப் போனாய், நான் ஆபீஸுக்குப் போனேன். தேர்வுக்கு முந்தின நாள் என்பதால் கேள்வித்தாள் கட்டுகளைச் சரிபார்க்க எச்.எம். பீரோவைத் திறக்கச் சொன்னார். திறந்தால் கணக்குப் பரீட்சைக் கட்டின் சீல் ஓரமாகக் கிழிந்திருக்கிறது. உள்ளே ஒரு கேள்வித்தாள் குறைகிறது.

அலுவலக உதவியாளர் கருப்பையாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். “நேத்து சாயந்தரம் சாரோட மகந்தான்யா ஆபீசுக்குள்ள இருந்துச்சு. பீரோப் பக்கம் நின்ன மாதிரிப் பாத்தேன்” என்றார். அவ்வளவுதான் சாட்சி. நீ தினமும் சாயந்தரம் அந்த ஆபீஸில்தான் இருப்பாய். நான் வேலை முடித்துக் கிளம்பும்வரை அங்கேயே உட்கார்ந்து படிப்பாய், பஸ்ஸுக்குச் சேர்ந்து போவோம். பத்தடி நீளமான ரூமில் பீரோப் பக்கம் நிற்காமல் எங்கே நிற்பது? இதை அன்றைக்கு நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

உன்னைப் பிரேயரிலிருந்தே கூட்டி வந்து எச்.எம். ரூம் வாசலில் நிறுத்தினார்கள். மற்றப் பிள்ளைகள் என்றால், “போய் அப்பாவக் கூட்டிட்டு வா” என்று விரட்டிவிடுவார்கள். அந்தப் பிள்ளை ரெண்டு நாள் மூணு நாள் கேட்டுக்கு வெளியே நிற்கும். உன்னை அப்படி விரட்டத் தேவையில்லை, உன் அப்பன் அடுத்த ரூமில்தான் இருந்தான். மத்தியானம் வரை நின்றாய். என் மேஜையிலிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாக உன் இடது தோளும் பையின் வாரும் தெரிந்தன. எத்தனையோ தடவை எழுந்து உன் பக்கம் வர நினைத்தேன். எல்லாரும் பார்க்கிறார்கள், ஆபீஸ் ஆள் தன் மகனுக்குச் சலுகை தேடுகிறான் என்று பேசிவிடுவார்கள் என்று உட்கார்ந்தே இருந்தேன். ஒரு டம்ளர் தண்ணீர்கூட உனக்குக் கொண்டுவந்து தரவில்லை.

எச்.எம். என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. கதவைச் சாத்தச் சொன்னார். “பையன் மொகத்தப் பாத்தாலே தெரியுதுல்ல சார்” என்றார். காலையிலிருந்து வெயிலில் நிற்கும் எந்தப் பையனின் முகமும் அப்படித்தான் இருக்கும். “விசாரணன்னு போனா செயலர் வரைக்கும் போகணும். மொதக் கேள்வியே உங்களத்தான் கேப்பாக, சாவி யார்ட்ட இருந்துச்சுன்னு. உங்களுக்குத் தெரியாததா? நீங்களே ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துருங்க. கண்டக்ட் நல்லாப் போட்டு விட்ருவோம். பையன் லைப் கெடக் கூடாதுல்ல.” நான் என் மேஜைக்கு வந்தேன். வெள்ளைத் தாள் தயாராகத்தான் இருந்தது. குடும்பச் சூழ்நிலை காரணமாக என்று எழுதினேன். பணிவுடன் என்பதை விடவில்லை. அப்புறம் எழுத்தர் என்ற முறையில் அந்தக் கடிதத்துக்குத் தபால் நம்பர் போட்டேன். டி.சி.யை நானே நிரப்பினேன். நடத்தை: நன்று. பள்ளியைவிட்டு நீங்கிய காரணம்: பெற்றோரின் விருப்பம். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். அன்றைக்கும் அழகாகத்தான் இருந்தது.

ஊரில் கேட்டவர்களிடம் எல்லாம், மகன் வாழ்க்கையில் கறை விழக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன் என்றேன். உன்னிடமும் அதையேதான் சொன்னேன். இப்போது நிஜத்தை எழுதுகிறேன். அந்தப் பீரோச் சாவி என் இடுப்பில் இருக்க வேண்டியது. அது பெரிய சாவி, உட்கார்ந்தால் குத்தும். அதனால் மேஜையின் இரண்டாவது டிராயரில் போட்டு வைப்பேன். டிராயருக்குப் பூட்டு கிடையாது. ஆபீஸுக்கு வந்து போகிற எல்லாருக்கும் அது தெரியும். முந்தின நாள் சாயந்தரமும் சாவியை அதில் போட்டுவிட்டுத்தான் டீக்கடைக்குப் போனேன். அங்கே பேச்சு வளர்ந்து அரை மணி நேரம் இருந்துவிட்டேன். விசாரணை வந்தால் இது வெளியே வரும், என் சுத்தமான பெயர் போகும், ஒருவேளை வேலையும் போகும். எச்.எம். சாவி என்று சொன்னதும் எனக்கு உன் முகம் நினைவுக்கு வரவில்லை, அந்த டிராயர்தான் வந்தது. உன்னை எழுதிக் கொடுத்துவிட்டு என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். இதை எழுத எனக்குப் பதினாறு வருடம் ஆகியிருக்கிறது.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். மத்தியான பஸ், கூட்டம் குறைவு, ஆனாலும் நாலு பேர் தெரிந்த ஆட்கள். அதே சீட்டு. ஊர் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் நீ என் பக்கம் திரும்பினாய். “அத்தா, நான்” என்றாய். நான் உன்னை முடிக்க விடவில்லை. “வாய மூடு. ஆளுக இருக்காக” என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். திருச்சுழி வரும்வரை திரும்பவில்லை. அதற்கப்புறம் இன்றுவரை திரும்பவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் நான் சொன்னது முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அவன்ட்ட கேட்டீகளா?” “கேக்குறதுக்கு என்ன இருக்கு, எல்லாம் முடிஞ்சு போச்சு” என்றேன். “முடிஞ்சு போச்சா? ஆரம்பிக்கவே இல்லையேங்க” என்றாள். பள்ளிக்கூடத்தின் படியை மிதிக்காதவள் அவள். என் அலமாரியில் இருந்த ஃபைல் முழுவதும் சொன்னதை அவள் ஒரு கேள்வியில் கேட்டாள். நான் கோபப்பட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். கோபப்படுவது எனக்கு எப்போதும் சுலபமாக வரும்.

உன்னை நரிக்குடியில் சேர்க்கக் கூட்டிப் போனது நினைவிருக்கிறதா? அந்தத் தலைமை ஆசிரியர் டி.சி.யைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பாதி வருசத்துல மாத்துறீங்க. அப்படி என்ன குடும்பச் சூழ்நிலை?” என்று கேட்டார். நான் தயங்காமல், “வீட்ல அவளுக்கு உடம்புக்கு முடியல சார்” என்றேன். நீ என் பக்கத்தில்தான் நின்றாய். உன் அம்மா அன்றைக்குக் காலையில் இரண்டு குடம் தண்ணீரை ஒரே நடையில் தூக்கி வந்ததை நீயும் பார்த்திருந்தாய். நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் மறக்கவில்லை. அப்புறம் இதைக் கேள்விப்பட்ட உன் அம்மா பல நாள், “எனக்கு என்ன நோயின்னு சொன்னீக? தெரிஞ்சா நானும் அதுக்குத் தக்கன இருமிக்கிருவேன்ல” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அதிலிருந்து நீ ஒரு பஸ், நான் ஒரு பஸ். திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் நான் அருப்புக்கோட்டை பஸ்ஸுக்கு நிற்பேன், நீ எதிர்ப்பக்கம் நரிக்குடி பஸ்ஸுக்கு நிற்பாய். நடுவில் ரோடு. நம் கண்டக்டர், “மகன் வரலையா சார்?” என்று கேட்டார். லீவு என்றேன். மறுநாள் காய்ச்சல் என்றேன். அப்படியே ஒரு வாரம் சொன்னேன். ஒரு நாள் அவரே உன்னை ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்துவிட்டார். அப்புறம் அவர் கேட்கவே இல்லை. ஆனால் அந்த ஜன்னலோரச் சீட்டில் நான் உட்காரவில்லை, தம்பி. ரிட்டயர் ஆகும்வரை உட்காரவில்லை. ஓரமாக உட்கார்ந்துகொண்டு அந்த இடத்தில் டிபன் பையை வைப்பேன். கூட்டமாக இருந்தால் யாராவது, “கொஞ்சம் தள்ளி உக்காருங்க பாய்” என்பார்கள். நான் தள்ளாமல் எழுந்து அவர்களை உள்ளே விடுவேன்.

நீ அங்கேயே படித்துத் தேறினாய், டிப்ளமோ முடித்தாய், வெளிநாடு போனாய். பணத்துக்கும் மரியாதைக்கும் ஒரு குறை வைக்கவில்லை. லீவில் வந்தால் எனக்குச் சட்டைத் துணி வாங்கி வருவாய், கண் டாக்டரிடம் கூட்டிப் போவாய். மதுரைக்குப் போகும்போது வண்டி அந்தப் பள்ளிக்கூடத் தெரு வழியாகப் போனால் மட்டும் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பிப்பாய். உனக்குக் கோபம் இருந்தால் சண்டை போடலாமே என்று எத்தனையோ தடவை ஏங்கியிருக்கிறேன். நீ என்னைத் திட்டவே இல்லை. விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி என்னிடம் பதமாகப் பேசுகிறாய். நீ என்னிடம் மரியாதையாக இருக்க இருக்க எனக்கு உன் மேல் ஏக்கம் கூடிக்கொண்டே போகிறது. சாப்பிட உட்கார்ந்து, “என்னத்தா இது, கொழம்புல உப்பே இல்ல” என்று சத்தம் போடுவாயே, அந்தப் பையன் பதினொன்றாம் வகுப்போடு போய்விட்டான்.

இப்போது ஏன் இதை எல்லாம் கிளறுகிறேன் என்று சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வைக்க அருப்புக்கோட்டை போனேன். கருப்பையாவுக்கும் ஒன்று எடுத்துக்கொண்டேன். அவரும் ரிட்டயர் ஆகி மகள் வீட்டில் இருக்கிறார், தறிச் சத்தம் கேட்கும் தெரு. ஆள் பாதியாகிவிட்டார். பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “தம்பி வருதா சார் கல்யாணத்துக்கு?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். கொஞ்ச நேரம் பத்திரிகையையே தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் கண் கலங்கிவிட்டது. “சார், ஒங்கட்ட ஒண்ணு சொல்லணும். இத மனசுல வச்சுக்கிட்டு நான் சாகக் கூடாது. அன்னைக்கு அந்தப் பீரோவத் தெறந்தது” என்று ஆரம்பித்தார்.

நான் கையை நீட்டித் தடுத்துவிட்டேன். “சொல்லாதீங்க கருப்பையா” என்றேன். அவர் திகைத்துப் போனார். “இல்ல சார், நீங்க தெரிஞ்சுக்கிறணும்” என்றார். “தெரிஞ்சுக்கிறேன். ஆனா ஒங்கட்டருந்து இல்ல. அன்னைக்கு நீங்க சொன்னதக் கேட்டேன், எச்.எம். சொன்னதக் கேட்டேன். ஊர்ல எல்லாரு பேச்சையும் கேட்டேன். எம்மகன் பேச்ச மட்டும் கேக்கல. இன்னைக்கும் ஒங்க பேச்சதான் மொதல்ல கேப்பேனா? அவன் சொல்லி முடிக்கட்டும், அதுக்கப்புறம் வாரேன்” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். டீ வந்தது, குடித்தேன். அந்தத் தெருவிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே வந்தேன். பாதி வழியில் திரும்பிப் போய்க் கேட்டுவிடலாமா என்று கால் இழுத்தது. ஒரு வார்த்தைதான், கேட்டால் பதினாறு வருடப் பாரம் இறங்கிவிடும். ஒரு கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில் வந்து சொன்னதும் உன் அம்மா முறத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “கேக்கலையா? நெசமாத்தான் சொல்றீகளா?” என்றாள். ஆமாம் என்றேன். “அவந்தான் செஞ்சிருந்தான்னா என்ன பண்ணுவீக?” என்று கேட்டாள். “செஞ்சிருந்தா செஞ்சேன்னு சொல்லட்டும். அதையும் அவந்தான் சொல்லணும்” என்றேன். அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். நீ நரிக்குடியில் சேர்ந்த புதிதில் அவள் உன்னிடம் தனியாகக் கேட்டாளாம், என்னய்யா நடந்தது என்று. நீ, “அத்தா கேட்டா சொல்றேன்மா” என்றாயாம். “இத்தன வருசமா ஏன் எங்கிட்டச் சொல்லல?” என்று கத்தினேன். “நீங்களாக் கேப்பீக, கேப்பீகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நான் சொல்லி நீங்க கேட்டா அது நான் கேட்டதால்ல ஆகும்?” என்றாள். சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன், தம்பி. அழுதேன் என்று எழுதவும் எனக்கு வெட்கமில்லை.

உனக்கு அங்கே கீழே பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். எவனாவது தப்புச் செய்துவிட்டான் என்று ஒருநாள் உன்னிடம் தாள் வரும். பக்கத்தில் இருப்பவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்பார்கள். அவனே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் எல்லாருக்கும் நல்லது என்பார்கள். நீ கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவனைக் கூப்பிட்டு உட்கார வை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடு. என்ன என்று கேள், முடிக்கும்வரை கேள். அவன் செய்தவனாகவே இருந்தாலும் கேள். தண்டனை கொடுப்பதா வேண்டாமா என்பது அதற்கப்புறம். எனக்கு இதைச் சொல்ல என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். யோக்கியதை இல்லாதவன் என்பதால்தான் எனக்கு இது இவ்வளவு நன்றாகத் தெரிகிறது. அந்த நரிக்குடிப் பக்கத்துப் பையனை எங்கே போய்த் தேடுவேன்? அவன் பெயர்கூட எனக்கு மறந்துவிட்டது. தூணைப் பிடித்திருந்த கைதான் நினைவிருக்கிறது.

உன்னை எனக்குத் தேடுகிறது. இதைப் போனில் சொல்ல வாய் வராது, அதனால் எழுதுகிறேன். மன்னிப்பை இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. விசாரணை இல்லாமல் எழுதிய தீர்ப்பை என் கையாலேயே அடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள். நீ சொல்லப் போவது எதுவானாலும், நான் நடுவில் பேச மாட்டேன். சாவியைப் பற்றிக் கேட்டாலும் பதில் சொல்கிறேன். உனக்குச் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் அதையும் நீயே சொல்.

கல்யாணத்துக்கு லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டால் எப்போது கிடைக்கிறதோ அப்போது வா. காரெல்லாம் பிடிக்க வேண்டாம். காலையில் நாம் இரண்டு பேரும் திருச்சுழியில் அந்த அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறுவோம். இடதுபக்கம் இரண்டு பேர் சீட்டு, ஜன்னலோரம் நீ. ஊர் தாண்டியதும் என் பக்கம் திரும்பு. “அத்தா, நான்” என்பது வரை சொல்லியிருக்கிறாய். மீதியைச் சொல். பஸ்ஸில் தெரிந்த ஆட்கள் இருப்பார்கள். இருக்கட்டும்.

உன்
அத்தா